ஏழாம் நம்பர் கல்

கனிமவியல் பேராசிரியைக்கு மூன்று வருடமாக ஒரே தலைவலி. ஆக்சைடு கனிமங்களை இனம் காணும் செய்முறைத் தேர்வில் வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தது. எழுத்துத் தேர்வில் இரும்புத் தாதுவுக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுகிற பிள்ளைகள், செய்முறையில் மட்டும் பத்துக் கல்லையும் பிசகாமல் சொன்னார்கள்.

"என் டிராயரைத் திறந்து யாரோ விடைப் பட்டியலைப் பார்க்கிறாங்க அண்ணே," என்றார் ஆய்வுக்கூட அட்டெண்டரிடம்.

"பார்க்கும் மேடம். இந்தக் காலத்துப் புள்ளைங்க, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கதவைத் திறந்து மூடிடுதுங்க."

அட்டெண்டர் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பவர். எந்தக் கல்லைக் காட்டினாலும் "கல்லு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, பேராசிரியை கற்களைத் தட்டில் அடுக்கினார். அவர் பெயரைச் சொல்லச் சொல்ல, அட்டெண்டர் எண் சீட்டுகளை ஒட்டிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு, குருந்தம். ரெண்டு, குரோமைட்..."

ஏழாவதாக வைத்தது ஹேமடைட் என்ற இரும்புத் தாது. கறுப்பாக, பளபளவென்று இருந்தது. பார்வைக்கு இன்னோர் இரும்புத் தாதுவான மாக்னடைட்டும் அப்படித்தான் இருக்கும். உரசினால்தான் குட்டு வெளிப்படும்: ஹேமடைட் சிவப்புக் கோடு போடும், மாக்னடைட் கறுப்புக் கோடு போடும், காந்தத்தைக் கண்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தனியாக உட்கார்ந்து ஒரு பொய்ப் பட்டியல் எழுதினார். எல்லாம் சரி, ஏழுக்கு மட்டும் மாக்னடைட். அதை டிராயரில் வைத்தார். இதை அட்டெண்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாம் நம்பருக்கு மாக்னடைட் என்று யார் எழுதுகிறார்களோ, அவர்தான் திருடர்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து, தட்டை வெளியே வைக்க அட்டெண்டரிடம் சொல்லிவிட்டு, விடைத்தாள் வாங்க அலுவலகத்துக்குப் போனார். தேர்வு ஒழுங்காக நடந்தது. ஆளுக்கொரு காந்தம், ஓர் எஃகு ஊசி, கோடு போட்டுப் பார்க்க மெருகிடாத பீங்கான் ஓடு. முப்பத்திரண்டு பேர் வரிசையாக வந்து பார்த்து எழுதினார்கள்.

மதியம் தாள்களைத் திருத்தினார். முப்பத்தொரு பேர் ஏழுக்கு ஹேமடைட் என்று எழுதியிருந்தார்கள். உரசினால் சிவப்புக் கோடு, காந்தத்தில் ஒட்டாது, படிவுப் பாறைகளில் கிடைக்கும் என்று விளக்கம் வேறு. பேராசிரியைக்கு உச்சி குளிர்ந்தது. பிள்ளைகளை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

ஒரே ஒரு தாளில் மாக்னடைட்.

அது வகுப்பே 'அக்கா' என்று கூப்பிடும் மாணவியுடையது. வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்தவள். முன் பெஞ்சில் உட்கார்ந்து, பேசுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தே அடக்கிவிடுவாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருந்தது பேராசிரியைக்கு.

கூப்பிட்டனுப்பினார்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே."

"எதை மேடம்?"

"ஏழாம் நம்பர் மாக்னடைட்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"கல்லுதான் சொல்லுச்சு."

"இந்தக் கிண்டலெல்லாம் முதல்வர்கிட்ட வச்சுக்குங்க. டிராயரைத் திறந்ததுக்கு டிஸ்மிஸ்தான்."

அக்காவின் முகம் வெளுத்தது. "என் பொண்ணு அடுத்த வருஷம் இதே காலேஜ்ல சேரப் போறா. நான் எதுக்கு மேடம் திருடப் போறேன்? காந்தம் வச்சேன், ஒட்டுச்சு. தேய்ச்சேன், கறுப்பா கோடு விழுந்துச்சு. வேற என்ன எழுதச் சொல்றீங்க?"

"வாங்க, பார்த்துடலாம்," என்று எழுந்தார் பேராசிரியை.

தட்டு இன்னும் மேஜை மேலேயே இருந்தது. அட்டெண்டர் ஓரமாக நின்று பீங்கான் ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பேராசிரியை ஏழாம் நம்பர் கல்லருகே காந்தத்தைக் கொண்டுபோனார். 'டக்'. கல் தாய்வீடு கண்டதுபோல் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து ஓட்டில் உரசினார். மை போலக் கறுப்புக் கோடு.

"அண்ணே, இந்தக் கல் எப்படி இங்க வந்துச்சு?"

அட்டெண்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க மேடம். காலையில தட்டை எடுக்கிறப்ப ஏழாம் நம்பர் கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, அலமாரியிலேருந்து அதே மாதிரி கறுப்பா ஒண்ணை எடுத்து வச்சுட்டேன். கல்லுதானே."

பேராசிரியைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு முழு மார்க். மத்த எல்லாரும் ஹேமடைட்னு எழுதியிருந்தாங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"பரவாயில்லை மேடம். ஆனா மத்தவங்க பாவம். முப்பத்தொரு பேருக்கும் ஒரு மார்க் குறையுமே."

அக்கா போய்விட்டாள். பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்து தாள்களை மறுபடி புரட்டினார். சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு. கறுப்புக் கோடு போடும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்தொரு பேர் சிவப்புக் கோட்டைப் பார்த்திருந்தார்கள்.

"டீ வாங்கிட்டு வரவா மேடம்?"

"வேணாம் அண்ணே. நீங்க கொஞ்சம் உட்காருங்க."

முந்தைய நாள் மாலை ஏழாம் இடத்தில் இருந்தது ஹேமடைட் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் பேராசிரியை.