யோசிக்க ஓர் இடம்

கணினி வேகமாக ஓடட்டும் என்று, வேலை நடக்கும் சின்ன நினைவகமான ரேமுக்கு உதவியாக ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கினாள் செண்பகம். அதிலிருந்து ரேமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் தொடாமல் கிடந்ததையெல்லாம் டிஸ்க்கிடம் தள்ளிக்கொண்டே இருந்தது.

ஏழு வருடமாகப் பேசாத அக்காவுக்கு அவள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். “அன்று நான்” என்று அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“அண்ணே, இதையும் பிடிங்க. நாலு நிமிஷமா தொடவே இல்ல” என்றது ரேம் டிஸ்க்கிடம்.

“அவசரக்குடுக்கை, அவங்க யோசிக்கிறாங்கடா.”

“யோசிக்கிறதுக்கு எதுக்குண்ணே என் இடம்?”

டிஸ்க் வாங்கி வைத்தது. அப்போதுதான் அவளுக்கு வார்த்தை கிடைத்தது. விசையைத் தட்டினாள். திரை அசையவில்லை.

“கடிதம், கடிதம்! சீக்கிரம்ணே!”

டிஸ்க் சுழன்று தேடி எடுத்துக் கொடுத்தது. “அன்று நான்” திரும்பி வந்தது. அதற்குள் அவள் மனதிலிருந்து வார்த்தை போயிருந்தது. செண்பகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மறுபடியும் தொடாம இருக்காங்க. இந்தாங்க” என்றது ரேம்.