சடையப்பனின் குத்துக் கணக்கு

2009இல் கேளம்பாக்கத்து எம்எம்ஏ சண்டை கிளப்பில் வாராவாரம் வீரர்களைத் தரவரிசைப்படுத்துவது என் வேலை. ஒவ்வொருவரும் எதிராளி மேல் இறக்கிய குத்துகளை எண்ணி எக்செல்லில் ஏற்றுவேன்.

"தலை வலிக்குது மாஸ்டர்" என்று எங்கள் வீரன் சடையப்பன் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒரு ரவுண்டுதானே, எறங்குடா" என்றார் மாஸ்டர் மோகன்.

அந்த ரவுண்டில் அடி வாங்கி விழுந்தவன், அன்று மாலையே ஆஸ்பத்திரியில் செத்தான். அவன் ஊரான கடப்பாக்கத்துக்கு, சாவுக்குக்கூட மாஸ்டர் போகவில்லை.

"செத்தவன் பேரு லிஸ்ட்டுல இன்னாத்துக்கு? தூக்கு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். அப்போது அவன் கணக்கில் 212 குத்துகள்.

அடுத்த ஞாயிறு லிஸ்ட்டைத் திறந்தபோது அவன் பெயர் இருந்தது. 219 குத்துகள். மாஸ்டர் வீங்கிய கன்னத்தோடு வந்து மறுபடி அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு 231. மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா அழிச்சிடு பரணி" என்றார்.

"சட்டையைக் கழட்டுங்க மாஸ்டர். புதுசா பன்னெண்டு இருக்கணும்."

கழற்றினார். புதுக் காயங்களை நிதானமாக எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.