ஹகாதாக் கரையில் மிஞ்சியவள்

"அடையாளம் சொல்லும்மா. வர்றவங்க எல்லாம் 'எம் பொண்ணு, எம் பொண்ணு'ன்னா நான் யாரை நம்பறது?"

அதிகாரி ததசுகே பாயில் உட்கார்ந்தபடி எரிச்சலோடு விசிறிக்கொண்டார். எதிரே மணலில் மண்டியிட்டிருந்தாள் தோஜிமே. ஈகித் தீவில் உப்புக் காய்ச்சுகிறவள். வெடித்துப்போன கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அது சோஹோ இரண்டாம் ஆண்டு. மேற்கே வேறு கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஆயிரமாவது ஆண்டு. ஹகாதாக் கரையில் அது யாருக்கும் தெரியாது. தெற்குத் தீவுக் கொள்ளையர்கள் வந்து போய் மூன்று வருடம் ஆகிவிட்டது, அவர்கள் வாரிக்கொண்டு போன ஆட்களில் கொஞ்சம் பேர் இப்போது மீண்டு வந்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

வந்தவர்களை உறவுக்காரர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். அவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிறுமி. ஒன்பது வயது இருக்கும். வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

"பேரு அகோமேங்க" என்றாள் தோஜிமே. "அப்ப ஆறு வயசு. முன்பல்லு விழுந்திருந்துச்சு."

"எல்லாப் பிள்ளைக்கும்தான் பல்லு விழும். நேத்து ஒருத்தி இப்படித்தான் அழுது ஒரு பையனைக் கூட்டிட்டுப் போனா. சாயந்திரமே அவனை ஒரு கப்பல்காரன்கிட்ட வித்துட்டா. தெரியுமா உனக்கு?"

"நான் விக்க வரலீங்க."

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. அன்னிக்கு நான் தீவோட அந்தப் பக்கத்துக் கரையில உப்புக் காய்ச்சிட்டிருந்தேன். புகையைப் பாத்துட்டு ஓடி வந்தேன். வீடு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. வாசல்ல எம் புருஷன் கிடந்தாரு..."

மூன்று வருடமாக இதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஊரில் பாதி வீடு காலி. ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று பல நாள் அடுப்பே மூட்டவில்லை. பேச்சு மறந்துவிடுமோ என்று பயந்து, கொதிக்கும் உப்புப் பானையோடு பேசிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

ததசுகேயின் விசிறி நின்றது. "சாட்சி யாராவது இருக்காங்களா?"

"படகுக்காரர் இருக்காருங்க. எங்க ஊருதான். பக்கத்து வீடு."

ஓரமாக நின்றிருந்த இசோமாரு முன்னால் வந்து கும்பிட்டார்.

"இவளுக்கு அகோமேன்னு ஒரு பொண்ணு உண்டா?"

"உண்டுங்க. எம் மடியில வளந்த புள்ளை."

"அது இவதானா? நல்லாப் பாத்துச் சொல்லு. பொய்னு தெரிஞ்சா அப்புறம் உன் படகு உனக்கில்ல."

இசோமாரு சிறுமியைப் பார்த்தார். பிறகு தோஜிமேயைப் பார்த்தார். அவளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"அவதாங்க" என்றார். "அப்படியே அப்பன் முகம்."

தோஜிமே தலையைத் தூக்கவில்லை.

ததசுகேக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "கேட்பாரில்லாத பிள்ளையை நாளைக்கு ஆளுநர் மாளிகைச் சமையல்கட்டுக்கு அனுப்பணும்னு உத்தரவு. அங்க போனா சாகிறவரைக்கும் அடுப்பங்கரைதான். அதுக்காகக் கேட்டவங்க கையில எல்லாம் தூக்கிக் கொடுத்துட முடியுமா? அவளே சொல்லட்டும்."

சிறுமியை அருகே அழைத்தார். "பயப்படாம சொல்லு. இது யாரு? உங்கம்மாவா?"

ஒட்டக் கத்தரித்த தலை. தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் தோஜிமேயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோஜிமே வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மடியிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து, தினைச்சோற்று உருண்டை ஒன்றை நீட்டினாள்.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

சிறுமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா இவ்வளவு நாளா வரல?"

கொட்டகைக் காவலாளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோஜிமே அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். ஊருக்குக் கேட்கிற மாதிரி அழுதாள்.

"வந்துட்டேன்டி... வந்துட்டேன்."

ததசுகே விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். "சரி, சரி. காத்து மாறுறதுக்குள்ள கிளம்புங்க."

படகு கரையை விட்டு நகர்ந்தது. சிறுமி குனிந்த தலை நிமிராமல் உருண்டைகளைத் தின்று முடித்தாள். இலையையும் நக்கினாள். ஹகாதாவின் கூரைகள் சின்னதாகி மறைந்தன. இசோமாரு துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தோஜிமே தன் மேலாடையை எடுத்துச் சிறுமிக்குப் போர்த்திவிட்டாள்.

கடல் மட்டுமே தெரிந்த பிறகுதான் சிறுமி மறுபடி பேசினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"உங்க நிஜப் பொண்ணு திரும்பி வந்துட்டா, என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

தோஜிமே அந்தக் கத்தரித்த தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அவ வரமாட்டாம்மா. அன்னிக்கே அவளை என் கையாலதான் புதைச்சேன். குழி வெட்டினது இதோ, துடுப்புப் போடுறாரே, இவருதான்."