வலது கை மேலே

செல்போனுக்குள் வலது கை மெல்ல மேலே போனது. தோள் உயரம் வந்தது, காது உயரம் வந்தது, தலைக்கு மேலேயே போய்விட்டது.

செல்லப்பன் வாயிலிருந்த விசில் மடியில் விழுந்தது. “வைரக்கண்ணு... தூக்கிட்டடா,” என்றார்.

பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து வைரக்கண்ணுவின் வலது கை அசைந்ததில்லை. வாயும் திறந்ததில்லை. முயற்சி பண்ணினால் கையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்று திருச்சி டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். மனுஷன் முயற்சி பண்ணினால்தானே.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மைதானம் சுற்ற வைத்தவனை இந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று வைரக்கண்ணுவுக்கு ஒரு வீம்பு. அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் பாடாலூர் போன செல்லப்பனுக்குக்கூட முகத்தைக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செல்லப்பனுக்கு அந்த வீம்பு புரிந்தது. புரிந்ததால் கோபமும் வந்தது, திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையும் வந்தது.

வயதானவர்களுக்கு ஆன்லைனில் நாற்காலிப் பயிற்சி எடுக்கலாம் என்று கிளப்பிவிட்டதே வைரக்கண்ணுதான். இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளை டீ-ஷர்ட் வாங்கி வைத்ததும் அவர்தான். போனில் எதை அமுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பொறுமையில்லாமல் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். செல்லப்பன் அந்த விஷயத்தில் கடைசி பெஞ்சு. கேமராவை அணைத்துவிட்டுக் கையைக் காலை ஆட்டுவார், திறந்துவிட்டால் ஃபேனைக் காட்டுவார். சொல்லிக்கொடுத்தவர் விழுந்ததும், வகுப்பு ஆரம்பிக்காமலே நின்றுபோனது.

முந்தின நாள்தான் வைரக்கண்ணுவின் மனைவி லீலாவதி போன் பண்ணி அழுதாள்.

“சோறு எறங்க மாட்டேங்குதுண்ணே. போயிரணும்னே முடிவு பண்ணிட்டாரு போலருக்கு. நீங்கதான் எதாவது பண்ணணும்.”

என்ன பண்ணுவது என்று செல்லப்பனுக்கும் தெரியவில்லை. நேரில் பார்க்க மாட்டேன் என்பவனைப் போனிலாவது பிடிப்போம் என்று துணிந்துவிட்டார். வைரக்கண்ணுவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே போனை வைத்துவிட்டு, கடைகண்ணிக்குப் போய்விடச் சொன்னார். உன் முன்னால் அவன் விரலைக்கூட அசைக்க மாட்டான் என்றார். லீலாவதியும் நம்பிக்கையில்லாமலே சரி என்றாள்.

இங்கே செல்லப்பன் வீடியோ கால் போட்டு, தன் போனை ஜன்னலில் சாய்த்து வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியோடு பயிற்சி பண்ணும் வழக்கம் அவருக்குக் கிடையாது. முழு உடம்பும் தெரியும்படி தள்ளிப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் எல்லாம் மங்கல்தான். திரையில் இருந்த இரண்டு கட்டத்தில் ஒன்று கறுப்பாக இருந்தது. சரிதான், நம் கேமரா இன்றைக்கும் மக்கர் பண்ணுகிறது, குரலாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு கட்டத்தில் நாற்காலி தெரிந்தது, வெள்ளை டீ-ஷர்ட் தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்பதிலேயே அவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

விசிலை ஊதினார். “வலது கை... மேலே!”

எதிரே நிற்கும் பிள்ளைகள் குழம்பக் கூடாது என்பதற்காக, வாய் வலது என்றால் அவர் தூக்குவது இடது கையை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கேமரா இல்லாவிட்டாலும் பழக்கதோஷம் விடுமா, இன்றும் இடதைத் தூக்கினார். அப்போதுதான் போனுக்குள் அந்த வலது கை எழுந்தது.

நம்ப முடியாமல் இன்னொரு தரம் ஊதினார். இன்னொரு தரமும் எழுந்தது.

“ஒரு இம்மி பிந்தலடா. எங்கூடவே தூக்கறடா,” என்றார். பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. “நீ போயிருவியோன்னு நெனச்சு நெனச்சு நான் பாதி செத்துட்டேன்டா. நீ இல்லாம இந்தப் போன வெச்சுக்கிட்டு நான் யாருக்குடா க்ளாஸ் எடுப்பேன்? எனக்கு என்னடா தெரியும்?”

அழுகையை அடக்க முடியாமல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கு வழியாகப் பார்த்தால், அந்தப் பக்கமும் இரண்டு கைகள் முகத்தை மூடியிருந்தன. அவனும் அழுகிறான், அழட்டும், அழுதால் பிழைத்துக்கொள்வான் என்று செல்லப்பனுக்குப் பட்டது.

போனிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி இருந்தது. பிறகு நாக்கு புரளாமல், குழறிக் குழறி ஒரு குரல் வந்தது. செல்லப்பன் போனில் கண்டதை அமுக்கியபோதெல்லாம் எரிந்து விழுந்த அதே குரல்.

“கண்ணாடியப்... போட்டுப் பாருடா. அது... நீ.”