கறுப்பு நாடா

கடலோரப் பள்ளி மைதானத்தில் புயல் ஒத்திகை. ஆரம்ப சுகாதார நிலையமும் ஊர் இளைஞர்களும் மகளிர் குழுவும் சேர்ந்து நடத்தினார்கள். அடிபட்டவர்களாக நடிக்க வந்தவர்களின் மணிக்கட்டில் நர்ஸ் பவானி நாடா கட்டினாள். சிவப்பு என்றால் முதலில் தூக்க வேண்டும். மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடந்தே போய்விடும். கறுப்பு செத்தவர்களுக்கு. அவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும்.

தனியாக வசிக்கும் செலஸ்டினா ஒத்திகை என்றால் முதல் ஆளாக வந்துவிடுவாள். தூக்குகிறவர்கள் "வலிக்குதாக்கா?" என்று கேட்பார்கள். அதற்காகவே வருவாள். இந்த முறை அவளுக்குக் கிடைத்தது கறுப்பு.

மணலில் கண்மூடிப் படுத்தாள். ஓடி வந்த கால்கள் அவளை விலகிப் போயின. பக்கத்தில் கிடந்தவளைப் பேர் சொல்லித் தூக்கினார்கள். குட்டி நண்டு ஒன்று மட்டும் இவள் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு விசில் ஊதினார்கள். எல்லாரும் பந்தலுக்குச் சாப்பிடப் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

நாடாக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த பவானி அவளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முடிஞ்சிருச்சுக்கா. எந்திரிங்க."

"நெசமாவே புயல் வந்தா, கறுப்பு கட்டினவங்கள அப்புறம் யாரு வந்து எடுப்பாங்க சிஸ்டர்?"

"வீட்டு ஆளுங்க வருவாங்கக்கா. அடையாளம் காட்டி வாங்கிட்டுப் போவாங்க."

சொன்ன பிறகுதான் பவானிக்கு உறைத்தது. செலஸ்டினா அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள். பவானியின் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிட்டன.

பந்தலில் மைக் பிடித்தவர், யாரும் விட்டுப்போகவில்லை, எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்.