எருமைக்கன்றுக்காக ஒரு மீசை

"ஐயா, படம் அங்கிட்டு ஓடுது. நீங்க என்ன, இங்கிட்டுத் திரும்பி எங்களைப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

சீனியம்மாள் கேட்டதில் தப்பே இல்லை. முன்வரிசைப் பெரியவர் நாற்காலியில் மண்டி போட்டு, முதுகைத் திரைக்குக் காட்டி, சாய்மானத்தின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸில் பின்சீட்டை வேடிக்கை பார்க்கும் குழந்தை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் குழந்தை மீசை இல்லை. ஒவ்வொரு முனையிலும் அரை டஜன் பனியன் காயப்போடலாம்.

"நீங்க படத்தைப் பாருங்க அம்மிணி. நான் ஆளுங்களைப் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் ஓட்டையும் கறையும் பார்க்கிற செக்கிங் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாக இருக்கலாம் என்று சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு, மிருகங்கள் பாடி ஆடும் கார்ட்டூன் படத்துக்கு வந்தால், இங்கேயும் கண் முன்னால் ஒரு டேமேஜ் பீஸ்!

'கிறுக்கு மனுசன்' என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

"கிறுக்கெல்லாம் இல்லீங்க அம்மிணி, பந்தயம்!"

அவளுக்குத் திக்கென்றது. திரையில் ஒன்பது சிங்கமும் பத்துக் கரடியும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலில் அவள் முனகியது அவளுக்கே கேட்கவில்லை. இந்த மனுசனுக்கு என்ன, பாம்புக் காதா?

பெரியவரின் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பினார். அவருக்கும் மீசை உண்டு. அரை டஜன் தாங்காது. இரண்டு உருப்படி தாங்கும்.

"நான் மகுடேஸ்வரனுங்க. இவரு எம்பட மச்சான் அப்புசாமி. எங்களுக்கு அவிநாசிபாளையம். இந்தப் படத்துல ஒரு எருமைக்கன்னு வருதாமா. அதுக்குத் தமிழ்ல பாடுனது இவரு புள்ளை அனுப்பிரியாவாமா. பாட்டு முடிஞ்சு தியேட்டரே கை தட்டலீன்னா மீசையை எடுத்துக்கறேன்னு பஸ் ஸ்டாப்புல நின்னு சொல்லிப்போட்டாருங்க."

"தட்டிட்டா?"

"எம்மீசை போயிரும். போவாதுங்க! எருமைக்குப் போயி எவன் கை தட்டுவான்?"

"நல்லாக் கேட்டுக்குங்க அம்மிணி" என்றார் அப்புசாமி. "அவ பொறந்தன்னைக்கு அழுத அழுகையே ராகத்துலதானுங்க. பக்கத்து ஊட்டு மாடு அன்னைக்கு ரெண்டு படி சேத்திக் கறந்துச்சு. தட்டற கையை நானே எண்ணோணும். இவனை நம்பிக் கண்ணை அந்தப் பக்கம் திருப்ப முடியாதுங்க."

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டார்ச்சோடு தியேட்டர்க்காரர் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "பெரியவரே, திரும்பி உக்காருங்க! பெரியவரே!" என்று மூன்று முறை கத்தியும் மனிதர் அசையவில்லை. மகுடேஸ்வரன்தான் எழுந்து சமாதானம் சொல்லி அனுப்பினார்.

'வேண்டியதுக்கு மட்டும் கேக்குற காது போலருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். இந்த முறை உதட்டை அசைக்கவில்லை.

எருமைக்கன்று வந்தது. தாயைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். கன்று குளக்கரையில் தனியாக நின்று பாட ஆரம்பித்தது.

முதல் வரியிலேயே அரங்கத்தில் பாப்கார்ன் பாதி வழியில் நின்றது. வீறிட்டுக்கொண்டிருந்த நாலு கைக்குழந்தைகள் வாயை மூடின. போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி முதலாளியே பேச்சை நிறுத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியம்மாளுக்கு அருப்புக்கோட்டையில் விட்டுவிட்டு வந்த ஆத்தா ஞாபகம் வந்து, திரை வெளிச்சத்தில் கன்னம் பளபளத்தது.

அப்புசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். இமைக்கக்கூட இல்லை. சின்னவளின் கால் ஆடுகிற ஆட்டத்துக்கு அவர் விரலும் சாய்மானத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது.

ஒரு கை கூட அசையவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. மகுடேஸ்வரன் தன் மீசையை ஆசையாகத் தடவினார். அப்புசாமியின் கை தன் மீசைக்குப் போய், அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

சின்னவள் சீட் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தட்டினாள்.

அவ்வளவுதான். அரங்கமே எழுந்துவிட்டது! பால்கனியிலிருந்து பீகார்ப் பையன்கள் "ஏக் பார் ஔர்!" என்று இன்னொரு தடவை கேட்டு விசிலடித்தார்கள். அந்தக் கைத்தட்டலில் ஊர்க்கோடியில் இருக்கும் நெருப்பெரிச்சல் வரைக்கும் நிட்டிங் மெஷின்களில் நூல் அறுந்திருக்கும்.

"எண்ணுடா மாப்ளே, எண்ணு!" அப்புசாமி மண்டியிட்டபடியே நாலு திசைக்கும் கும்பிடு போட்டார். "எண்ணி முடிக்க உனக்கு ஏழு ஜென்மம் ஆவும்!"

இடைவேளையில் எல்லோரும் வெளியே நகர்ந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்த அப்புசாமியைச் சீனியம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் மகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான்.

"ஐயா... ஐயா! உங்களைத்தான்யா!"

அவர் திரும்பவே இல்லை.

"அம்புட்டு மண்டைக்கனமா?" என்று மகுடேஸ்வரனிடம் முறையிட்டாள்.

போகப்போகிற மீசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவர் சிரித்தார். "முன்னால போய் நின்னு சொல்லுங்க அம்மிணி, உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு, தறிக்குடோன்ல அத்தனை சத்தத்துலயும் எல்லாரும் அப்படித்தானுங்க பேசிக்குவாங்க. அங்க முப்பத்தெட்டு வருசம் நின்னு, புள்ளை பாட்டுக் கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு காதும் சுத்தமாப் போயிருச்சுங்க. அவ பாட்டை மச்சான் இன்னைக்குத்தான் மொத மொதலாக் கேட்டாரு, உங்க மூஞ்சியில."