சனிக்கிழமை வசூல்

மீன் விற்கும் அம்சா சனிக்கிழமை தவறாமல் தையல்நாயகி வீட்டு வாசலில் வந்து கத்துவாள்.

"வாங்கும்போது இனிச்சுதுல்ல? தவணைய எடு!"

மானத்துக்கு அஞ்சிய புருஷன், கொத்து வேலைக் கூலியில் ஐந்நூறை உடனே நீட்டிவிடுவான். தையல்நாயகி மட்டும் கொஞ்சமும் கலங்க மாட்டாள். அது ஏனென்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த சிந்துஜாவுக்குப் புரியவேயில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், மீன் மார்க்கெட்டில் அம்சா ஒரு கட்டுப் பணத்தைத் தையல்நாயகியிடம் கொடுப்பதைச் சிந்துஜா பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் கடனாக்கா?"

"கடனே கிடையாதும்மா," தையல்நாயகி சிரித்தாள். "எல்லாம் அவரு குடுத்த காசுதான். சேத்து வையின்னா சாராயக்கடைக்குப் போயிடும். கடன்னாதான் கைக்கு வருது. புள்ளைக்கு ஃபீசு கட்டணும்ல?"

சிந்துஜா சற்று யோசித்தாள். பிறகு அம்சாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அடுத்த சனிக்கிழமை எங்க வூட்டு வாசல்லயும் வந்து கத்துறீங்களா?"